தலைகீழாகப் படித்தவள்

அட்டையக்கா என்று சொன்னால்தான் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பிஸ்கட் பெட்டி, மருந்து அட்டை, சோப்பு உறை, கொசுவத்தி டப்பா என்று முப்பது வருஷமாக ஊர்ப்பட்ட சாமான்களுக்கு முகம் வரைந்து கொடுத்தவள். அதனால் வந்த பேர். எடுத்த வேலையை ஒட்டிக்கொண்டு விடவே மாட்டாள், அதனால்தான் அந்தப் பேர் என்று சொல்கிற வாயாடிகளும் உண்டு. அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. ஒட்டாமல் வேலை பார்க்கிறவனுக்கு ஒட்டுகிறவளைக் கண்டால் எரியத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

வயது ஐம்பத்துநாலு. மூன்றாவது மாடி வீட்டின் பின்னறைதான் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிகள், மூடினால் புழுக்கம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு பேர் உட்காரலாம் என்று வாங்கி ஒருவர் கை வைக்கக்கூட இடமில்லாமல் காகிதம் அடுக்கிய மேசை. சுவர் முழுக்க அவள் வரைந்த படங்கள், எல்லாமே தலைகீழாக ஒட்டியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, பாவம், அவசரத்தில் ஒட்டிவிட்டாள் என்று நினைப்பார்கள். அவசரமும் இல்லை, ஒன்றும் இல்லை. நேராக ஒட்டினால் கண் வார்த்தையைப் படிக்க ஓடிவிடும். தலைகீழாக ஒட்டினால் வடிவம் மட்டும்தான் தெரியும். எங்கே கனம் கூடிவிட்டது, எங்கே ஓட்டையாக நிற்கிறது என்று பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டுப் போவாள். இதில் ரகசியம் எதுவும் கிடையாது, வரைகிறவர்கள் பலரும் செய்கிறதுதான்.

ஆனால் அட்டையக்காவிடம் இதற்கு ஒரு கதை இருந்தது. இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், குடிக்கிற காபி ஆறிப்போகிற வரைக்கும் சொல்வாள்.

சின்ன வயதில் அவளும் தங்கையும் இருந்தது ஒற்றை அறை வீடு. வீட்டுக்கு ஒரே ஒரு நூலக அட்டை. அட்டைக்கு ஒரே ஒரு புத்தகம். சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். படிக்கிற மேசை ஒன்று உண்டு, மேசை என்று சொல்வதே பெருந்தன்மை. அதன் ஒரு நீளப் பக்கம் சுவரை ஒட்டியிருக்கும், மறு நீளப் பக்கத்தை இடித்துக்கொண்டு அம்மாவின் தையல் மெஷின் நிற்கும். மீதி இருப்பது இரண்டு முனைகள்தான். முனைக்கு ஒரு நாற்காலி. நடுவில் புத்தகம். ஆக, ஒருத்திக்கு நேராகத் தெரிந்தால் இன்னொருத்திக்குத் தலைகீழாகத்தான் தெரியும். அக்கா பத்து வயது, தங்கை ஏழு. சின்னப் பிள்ளையாயிற்றே, பாவம் என்று அக்கா விட்டுக்கொடுத்தாளாம். தங்கை நேராகப் படிப்பாளாம். அக்கா எதிர் முனையில் உட்கார்ந்து தலைகீழாகவே படித்துப் படித்து, எழுத்தின் வளைவெல்லாம் அவள் கைக்கு வந்துவிட்டதாம்.

கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது, பாருங்கள். அவளுடைய முதல் வேலைக்கான நேர்காணலில் இதைத்தான் சொன்னாள். எதிரில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார், வேலையும் கொடுத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது, முப்பது வருஷமாக அந்தக் கதை அவளுக்குச் சோறு போட்டது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகமே மாறிவிடும். மெஷின் ஓடுகிற சத்தம், அது ஓடினால் மேசை அதிர்ந்து வரிகள் ஆடுவது, நூலகப் புத்தகத்தின் பழுப்பு அட்டையில் யாரோ வைத்த டம்ளர் வட்டம், மழைக்காலத்தில் பக்கங்களிலிருந்து வருகிற ஈர வாடை, எல்லாம் வந்துபோகும். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த வீட்டையும் யாரோ வாங்கி இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். அந்த நாட்களுக்குச் சாட்சி என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது தங்கை ஒருத்திதான்.

அந்தத் தங்கைதான் நாலு வருஷமாக அக்கா வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை.

சண்டையா என்றால் இல்லை. சண்டை என்றால் காரணம் தெரியும், காலில் விழுந்தாவது சரிக்கட்டலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். சாப்பிட்டாயா, மாமா எப்படி இருக்கிறார், மழை பெய்ததா. வாயேன்டி ஒரு தடவை என்றால் முட்டி வலி என்பாள். அடுத்த வாரம் கேட்டால் லீவு இல்லை என்பாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் பதிவு கவுண்டரில் வேலை. லீவு கிடைக்காதுதான். ஆனாலும் நாலு வருஷத்தில் ஒரு நாளா கிடைக்காது? கடைசியாக அவள் வந்தது, பெட்டி வடிவமைப்பவர்கள் சங்கத்தில் அட்டையக்காவுக்கு விருது கொடுத்த அன்றைக்கு. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் அக்கா கதையைச் சொன்னபோது கூட்டமே கை தட்டியது. நல்ல நாளாகத்தான் போயிற்று. அதற்குப் பிறகு ஏன் வரவில்லை என்று யோசித்து யோசித்து அட்டையக்காவுக்கு மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கை நிறைய வேலை, கண்ணுக்கு நிறைவாகக் கணவர், எல்லாம் இருந்தும் நெஞ்சில் முள் மாதிரி அது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படிப்புச் செயலி வேலை வந்தது. போனில் புத்தகம் படிப்பதற்கு மூன்று பேர் சேர்ந்து ஒரு செயலி செய்திருந்தார்கள். அதற்கு லோகோ, எழுத்துரு, நிறம், திறந்தவுடன் வருகிற முதல் திரை, பக்கம் வர நேரமானால் சுற்றிக்கொண்டிருக்கிற சின்னக் குறி வரைக்கும் மொத்த அடையாளமும் வேண்டும். மூவருக்கும் தலைவியாக வந்தவள் பெரிய கண்ணாடி போட்ட பெண், இருபத்தெட்டு வயது இருக்கலாம். வந்து உட்கார்ந்ததும் விரல் விட்டு எண்ணினாள்: ஆந்தை கூடாது, விளக்கு கூடாது, மூக்குக்கண்ணாடி கூடாது, பறக்கிற பக்கங்கள் கூடவே கூடாது. எல்லா இடத்திலும் அதுதான் இருக்கிறதாம். அப்படியென்றால் என்னதான் வேண்டும் என்று அட்டையக்கா கேட்டதற்கு, பார்த்தவுடன் படிக்கத் தோன்ற வேண்டும், ஆனால் படிப்பு மாதிரி இருக்கக் கூடாது என்றாள். இந்த மாதிரிப் பதிலை முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகியவள் என்பதால் அட்டையக்கா அசரவில்லை.

அசராவிட்டாலும் வேலை நகர வேண்டுமே. பெட்டி என்றால் கையில் பிடித்துப் பார்க்கலாம். இது விரல் நகம் அளவு சதுரம், அதற்குள் எல்லாம் சொல்ல வேண்டும். மூன்று வாரம் வரைந்து தள்ளினாள். கதவு வரைந்தாள், ஜன்னல் வரைந்தாள், புத்தகத்தில் மடித்து வைத்த ஓரம் வரைந்தாள். நகம் அளவுக்குச் சுருக்கியதும் எல்லாம் எறும்பு கடித்த மிட்டாயாகிவிட்டது. வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, எதிரும் புதிருமாகக் கழற்றிப் போட்ட செருப்பு நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். அது செருப்பில்லை, திறந்த புத்தகம். அவளுக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனவள், கிழிக்காமல் நின்றுவிட்டாள்.

எதிரும் புதிரும். இந்த முனையிலிருந்து ஒரு வளைவு, அந்த முனையிலிருந்து ஒரு வளைவு; இரண்டும் நடுவில் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. ஒரே பக்கத்தின் மேல் இரண்டு பேர் குனிந்திருக்கிறார்கள். எப்படித் திருப்பினாலும் அதே உருவம்தான். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டை மறந்து வரைந்தாள். நிறம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, நூலகப் புத்தக அட்டையின் அந்தப் பழுப்பு. வரைய வரைய அவளுக்குக் கண் கலங்கியது. இது தங்கையின் போனில் வரும். அதைப் பார்த்தவுடனே அவளுக்கு எல்லாம் ஞாபகம் வரும். கட்டாயம் ஓடி வருவாள். வாய் விட்டுச் சொல்லவில்லையே தவிர, அந்த லோகோவை அவள் செயலிக்காக வரையவில்லை, தங்கையைக் கூப்பிடத்தான் வரைந்தாள்.

கண்ணாடிக்காரிக்கு லோகோ பிடித்தது. அதைவிட அதிகமாகக் கதை பிடித்துவிட்டது. இதையே முதல் திரையில் போடலாம் என்று குதித்தாள். ஒரு புத்தகம், இரண்டு சிறுமிகள், ஒருத்தி விட்டுக்கொடுத்துத் தலைகீழாகப் படித்தாள் என்று நாலு வரி. கூடவே அக்காவும் தங்கையும் இன்றைக்கு அதே மாதிரி எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் போட்டோ. செயலியைத் திறக்கிற ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும். அட்டையக்காவுக்கு ஒரு கணம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது. உடனே தங்கைக்குப் போன் போட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். என்றைக்கு என்று மட்டும் தங்கை கேட்டாள். பிறகு, வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையக்கா வீட்டைப் பெருக்கித் துடைத்த அழகைப் பார்த்து வீட்டுக்காரர், கவுண்டரில் வேலை பார்க்கிறவள் வருகிறாளா, கவர்னர் வருகிறாரா என்று கேட்டார். பத்து மணிக்குத் தங்கை வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முன் முடி நரைத்திருந்தது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, இரண்டு முனைக்கும் நாற்காலி போட்டு, நடுவில் ஒரு தடிமனான நாவலைத் திறந்து வைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரியும் போட்டோக்காரரும் தயாராக நின்றார்கள். தங்கை நேராகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். புத்தகம் தலைகீழாகத் தெரிகிற முனை.

அது என் இடம் என்று அக்கா சிரித்தாள். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து எதிர் முனைக்குப் போய்விட்டாள், அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள்.

போட்டோக்காரர் நாலைந்து படம் எடுத்துப் பார்த்தார். முகம் விறைப்பாக இருக்கிறது, ஏதாவது சத்தமாகப் படியுங்கள் மேடம், இயல்பாக வரும் என்று அட்டையக்காவிடம் சொன்னார். அதற்கென்ன என்று அவள் குனிந்தாள்.

முதல் வார்த்தையை எழுத்துக்கூட்டித்தான் பிடித்தாள். இரண்டாவது வார்த்தை பாதியில் நின்றது. சுழிகளெல்லாம் தெரிந்தன, வளைவெல்லாம் தெரிந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். வெளிச்சம் சரியில்லை என்றாள். அடுத்த வரிக்குத் தாவிப் பார்த்தாள், அதுவும் அப்படியே. எழுத்தைப் படிக்காமல் இருப்பதற்காகத்தானே முப்பது வருஷமாகத் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தங்கை கையை நீட்டிப் புத்தகத்தைத் திருப்பி வைத்தாள். இப்போது அக்காவுக்கு நேர், அவளுக்குத் தலைகீழ். நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் படிக்க ஆரம்பித்தாள். தடங்கல் இல்லை, தயக்கம் இல்லை. பக்கத்தின் பாதிக்கு வந்தபோது வேகம் கூடியது, யாரோ துரத்துகிற மாதிரி. போட்டோக்காரருக்கு என்ன தெரியும், சூப்பர் மேடம், அப்படியே இருங்க என்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் விவரமானவர். காபி போடுகிறேன், வாருங்கள் என்று மற்ற இருவரையும் சமையலறைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அட்டையக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் படித்த அந்தப் புத்தகங்களில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கப்பல், கப்பலுக்குக் கீழே கடல். ராஜா, தலைக்கு மேலே கிரீடம். ஒரு படமாவது கவிழ்ந்திருக்கிறதா என்று தேடினாள். ஒன்றுகூட இல்லை. எல்லாம் நேராகத்தான் இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். இவள் தனக்கே மறைத்திருக்கிறாள். அன்றைய நேர்காணலில் பயத்தில் எங்களில் ஒருத்தி தலைகீழாகப் படிப்பாள் என்று ஆரம்பித்தது, எதிரில் இருந்தவர் நீங்களா என்று கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டியதில் போய் முடிந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது ஞாபகம் நகராதா? தங்கையின் கவுண்டருக்குப் போயிருக்கிறாள்தானே. எதிரில் நிற்கிறவர் படிவம் நிரப்பும்போதே, பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் என்று தங்கை இந்தப் பக்கத்திலிருந்து சொல்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். அப்போதுகூட மண்டையில் ஏறவில்லை.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடி" என்றாள்.

"எல்லாரும் கை தட்டினாங்கக்கா. நானும் தட்டினேன்."

அட்டையக்காவால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தங்கை கோபமாகப் பேசவில்லை. கவுண்டரில் யாருக்கோ வழி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். தலைகீழாகப் படிப்பது முதலில் கஷ்டமாக இருந்ததாம், பிறகு பழகிவிட்டதாம். பழகாதது ஒன்றே ஒன்றுதான்.

"பக்கம் திருப்புறது நீ. நான் எவ்வளவு வேகமாப் படிச்சாலும் கடைசி மூணு வரி வரதுக்குள்ள திருப்பிடுவே. எந்தப் பக்கத்துலயும் எனக்கு அந்த மூணு வரி கிடைச்சதே இல்ல."

"முடிச்சுட்டியான்னு கேப்பேனேடி?"

"கேப்பே. நானும் ம்னு சொல்வேன். இன்னும் இல்லன்னு சொன்னா, அப்ப நீ அப்புறமா தனியாப் படிச்சுக்கோன்னுடுவே. எனக்குப் புத்தகமாக்கா பெருசு? உன்கூட உக்காந்து படிக்கணும், அவ்வளவுதான்."

இதற்குமேல் அட்டையக்காவுக்குத் தாங்கவில்லை. அழுதாள். மன்னிப்பு என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்து, ரொம்பச் சின்னதாகத் தெரிந்ததால் அப்படியே முழுங்கிவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய், கண்ணாடிக்காரியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கதை தப்பு, தலைகீழாகப் படித்தது என் தங்கை, நான் அல்ல, விட்டுக்கொடுத்ததும் அவள்தான்.

கண்ணாடிக்காரி காபியை ஊதிக் குடித்துக்கொண்டே, இதில் ஒன்றும் பிரச்சினையே இல்லை என்றாள். அக்கா என்கிற இடத்தில் தங்கை என்று போட்டுவிட்டால் போயிற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவளுக்கு அது நாலு வரி. அட்டையக்கா திரும்பிப் பார்த்தாள். தங்கை கதவருகே வந்து நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அது என்னோடது. ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம்."

அட்டையக்கா உடனே கதை கிடையாது, போட்டோவும் கிடையாது என்று சொல்லிவிட்டாள். கண்ணாடிக்காரி கெஞ்சிப் பார்த்தாள், வருத்தப்பட்டுப் பார்த்தாள். பிடித்த பிடியை அட்டையக்கா விடுவாளா? பிறகு பின்னறைக்குப் போய்ச் சுவரிலிருந்த அந்த லோகோவை எடுத்துக்கொண்டு வந்து தங்கை கையில் கொடுத்தாள். முப்பது வருஷத்தில் அவள் வரைந்ததில் அதுதான் உசத்தி என்று அவளுக்கே தெரியும். இதையும் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா, வேறு வரைந்து கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டாள். கண்ணாடிக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தங்கை காகிதத்தை இப்படிப் பார்த்தாள், திருப்பி அப்படிப் பார்த்தாள்.

"இது இருக்கட்டும். இதுல யாரு எந்தப் பக்கம்னு தெரியல."

போட்டோக்காரர் எடுத்த படங்களையெல்லாம் அவர்கள் கண் முன்னாலேயே அழித்தார். வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். முதல் திரையில் கதை இல்லாமல் வெறும் லோகோ மட்டும் வரும் என்று முடிவாயிற்று. அதைப் பறவை என்பார்கள், படகு என்பார்கள், வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள் செருப்பு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கை இருந்தாள். இரண்டு பேரும் மேசையை அதன் பழைய இடத்துக்கு இழுத்துப் போடவில்லை. முனைக்கு ஒருத்தியாகவே சாப்பிட்டார்கள். கை காய்ந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லை. அட்டையக்காதான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். அந்தப் புத்தகங்கள் பழைய கடைகளில் கிடைக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கிறேன். ஒரு வரி விடாமல் நீயே பக்கம் திருப்பிப் படி என்றாள்.

தங்கை சிரித்துவிட்டாள். இப்போது எதற்கு என்றாள். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் விட்டுப்போன வரிகளைத் தானே கற்பனை செய்து வைத்துக்கொள்வாளாம். எல்லாப் பக்கத்துக்கும் வைத்திருக்கிறாளாம். புத்தகத்தில் இருப்பதைவிட அதெல்லாம் நன்றாக இருக்கும் என்றாள்.

"ஒண்ணு சொல்லு."

"எதைச் சொல்ல? தீவுல மாட்டிக்கிட்ட அந்தக் கிழவன் கதை ஞாபகம் இருக்கா? கடைசிப் பக்கம். கப்பல் வந்துடுச்சு, அவன் ஏறிட்டான். அவனோட நாய் கரையில நிக்குது. அங்க நீ புத்தகத்தை மூடி, நூலகத்துக்கு எடுத்துட்டு ஓடிட்டே."

அட்டையக்காவுக்கு அந்தக் கடைசி மூன்று வரிகள் நன்றாக ஞாபகம் இருந்தன. கப்பல் கிளம்பிவிடும். கிழவன் திரும்பிப் பார்ப்பான். நாய் ஒரு புள்ளியாகிக் கண்ணுக்கு மறைந்துபோகும். பத்து வயதில் அவள் நூலகத்துக்குப் போகிற வழி நெடுக அழுதுகொண்டே போன வரிகள் அவை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"அப்புறம், நாய் என்னடி ஆச்சு?" என்று கேட்டாள்.

"நீந்தி வந்துடுச்சுக்கா" என்றாள் தங்கை.